இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வடசென்னை: சமூக, பொருளாதார மாற்றங்கள்

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் இந்தியா விடுதலை பெற்றது. புதிதாகப் பிறந்த நாடு போரின் சுமைகளையும் போர்க்காலத்தில் உருவான ஏற்பாடுகளையும் சேர்த்தே பெற்றுக்கொண்டது. இந்த மாற்றத்தைத் தமிழ்நாட்டில் தெளிவாகக் காணக்கூடிய பகுதி வடசென்னை. யானைக்கவுனியில் தொடங்கி, துறைமுகம், இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரப் பகுதியும், அதற்கு மேற்கே உள்ள பெரம்பூர், வியாசர்பாடி, மணலி ஆகியவையும் இக்கட்டுரையில் வடசென்னை எனக் குறிக்கப்படுகின்றன.

குடும்ப அட்டை, பஞ்சப்படி, வேலைவாய்ப்பு அலுவலகம், தொழில் தீர்ப்பாயம் ஆகியவை இன்று நமக்குப் பழகிப்போனவை. இவை அனைத்தும் போர்க்கால நெருக்கடியைச் சமாளிக்க ஆங்கில அரசு செய்த தற்காலிக ஏற்பாடுகளாகத் தொடங்கியவை அல்லது அப்போது பரவலானவை. விடுதலைக்குப் பின் இவை குடிமக்களின் உரிமைகளாக மாறின. ஆனால் அந்த உரிமைகள் எல்லோரையும் ஒரே அளவில் சென்றடையவில்லை. யாருக்குக் கிடைத்தன, யார் விடுபட்டார்கள் என்பதே வடசென்னையின் போருக்குப் பிந்தைய வரலாறு எனலாம்.

போருக்கு முந்தைய நிலை

கவுனி என்பது கோட்டை அல்லது நகரின் வாயிலைக் குறிக்கும் சொல். ஹைதர் அலியின் படையெடுப்புகளுக்குப் பிறகு, 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், கறுப்பர் நகரம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி ஆங்கிலேயர் மதில் எழுப்பினர். அதன் மேற்குப் பக்க வாயில்களில் ஒன்று யானைக்கவுனி. மதிலுக்காக மக்களிடம் வரி வாங்கும் திட்டம் நிறைவேறவில்லை என்றாலும், வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மதிலுக்கு உள்ளே வணிகமும் வெளியே உழைப்பும் என்று நகரம் வளர்ந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. 1875இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. 1870களிலும் 1880களிலும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் பெரம்பூர்ப் பகுதியில் எழுந்தன. தோல், நிலக்கடலை, பருத்தி போன்றவை இங்கிருந்து கப்பலேறின. இயந்திரமும் துணியும் இரும்புச் சாமான்களும் வந்திறங்கின. அரிசியில் ஒரு பகுதி பர்மாவிலிருந்து வந்தது. மூலப்பொருளை அனுப்பி, செய்த பொருளை வாங்கும் ஊராகவே சென்னை இருந்தது.

தொழிலாளர் இயக்கமும் இங்கேதான் வேர்விட்டது. 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு. வி. க. ஆகியோர் அதற்கு உழைத்தனர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது. எனினும் 1921 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சாதி வழியில் பிளவுபட்டனர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. ஒரே ஆலையில் வேலை செய்வதால் மட்டும் சாதி மறைந்துவிடாது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

போர்க்காலம் (1939–1945)

சென்னைக்குப் போர் அனுபவம் புதிதன்று. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவில், எம்டன் என்ற செர்மானியக் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. இரண்டாம் போரில் பெரும் அழிவு நேரவில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கை கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. பர்மாவில் வாழ்ந்த பல இலட்சம் இந்தியர்கள் கப்பலிலும் காட்டுவழி நடையாகவும் திரும்பினர். வழியில் பல்லாயிரவர் இறந்தனர். ஏப்ரல் மாதத்தில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்ற அச்சத்தில் மக்கள் பெருந்திரளாக நகரைவிட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் பல உள்மாவட்ட ஊர்களுக்கு மாற்றப்பட்டன. துறைமுகக் கூலிக்கு அன்றைய வேலை நின்றால் அன்றைய சோறு இல்லை. எனவே இந்த வெளியேற்றம் ஏழைகளைத்தான் மிகுதியாக வாட்டியது.

1939க்கும் 1945க்கும் இடையில் மொத்த விலைகள் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தன. இந்தியப் படைவீரர் எண்ணிக்கை சுமார் 25 இலட்சம். அவர்களுக்கும் நேச நாட்டுப் படைகளுக்கும் வேண்டிய பொருள்களை இந்தியா கடனாகக் கொடுத்தது. போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தரவேண்டிய தொகை சுமார் 130 கோடி பவுண்டு. கணக்கில் இந்தியா கடன் கொடுத்த நாடாகிவிட்டது. ஆனால் இரயில் பெட்டிகளும் ஆலை இயந்திரங்களும் ஓய்வின்றி ஓடித் தேய்ந்திருந்தன. இருப்புப் பாதைகளும் எஞ்சின்களும்கூட மேற்காசியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டிருந்தன.

போர் விட்டுச்சென்ற ஏற்பாடுகள்

1. பங்கீட்டு அட்டை: 1943இல் சென்னை நகரில் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. போர் முடிந்தும் பற்றாக்குறை தீராததால் பங்கீடு தொடர்ந்தது. 1952இல் முதலமைச்சர் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1960களின் நடுவில் மீண்டும் கடும் பஞ்சம் வந்தது. 1965இல் இந்திய உணவுக் கழகம் செயல்படத் தொடங்கியது. 1967 தேர்தலில் அரிசியே முக்கியப் பிரச்சினையாயிற்று. புதிய அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. போர்க்காலத்தில் அட்டை என்பது இவ்வளவுதான் தருவோம் என்ற கட்டுப்பாடு. மக்களாட்சியில் அதுவே இவ்வளவாவது தரவேண்டும் என்ற உரிமையாயிற்று.

2. பஞ்சப்படி: விலை உயர்வுக்கு ஏற்பக் கூலியோடு சேர்த்துத் தரப்படும் தொகை இது, இன்று அகவிலைப்படி என்கிறோம். இரண்டாம் போர்க்காலத்தில் இது பரவலாயிற்று. சென்னைத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கைச் செலவை 1935–36இல் 100 புள்ளி எனக் கொண்டு குறியீட்டெண் கணக்கிடப்பட்டது. அதற்குமேல் உயரும் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை அணா எனப் படி நிர்ணயிக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, புள்ளிக்கு 3 அணா என்று வைத்துக்கொள்வோம். குறியீட்டெண் 150ஐத் தொட்டால் 50 புள்ளிக்கு 150 அணா, அதாவது 9 ரூபாய் 6 அணா, சம்பளத்தோடு சேரும். விலைவாசியின் சுமையைத் தொழிலாளி மட்டும் தாங்காமல் முதலாளியும் பகிர்ந்துகொள்ளும் முறை இது.

3. வேலைவாய்ப்பு அலுவலகம்: படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு வேலை தேடித்தர 1945இல் இவ்வமைப்பு உருவாக்கப்பட்டது. 1948இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. போருக்கு வேண்டிய தொழில்நுட்பப் பணியாளர்களைத் தயாரித்த பயிற்சிக்கூடங்களின் அனுபவம் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்துக்குப் பயன்பட்டது. இன்றைய ஐ.டி.ஐ.கள் அதன் தொடர்ச்சி.

4. தொழில் தீர்ப்பாயம்: போர்க்காலத்தில் உற்பத்தி தடைபடக்கூடாது என்பதற்காக, தொழில் தகராறுகளைக் கட்டாயத் தீர்ப்புக்கு அனுப்பும் அதிகாரத்தை இந்தியப் பாதுகாப்பு விதிகள் அரசுக்குக் கொடுத்தன. இது வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் கருவி. இதே முறை 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தில் இடம்பெற்றது. ஒரு தொழிலாளியை நீக்கினால் அதற்குக் காரணம் கேட்கும் மன்றமாகவும் அது பயன்படலாயிற்று.

இவற்றோடு இன்னும் இரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் டாக்டர் அம்பேத்கர். அவர் காலத்தில் ஆலை வேலைநேரம் வாரத்துக்கு 48 மணி எனக் குறைக்கப்பட்டது. பி. பி. அடார்கர் 1944இல் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றிய அறிக்கை அளித்தார். 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்கு அதுவே அடிப்படை. மேலும், நடுவண் அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 1943இல் 8⅓ விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 1946இல் அது 12½ விழுக்காடாக உயர்ந்தது.

பிரிட்டனிலும் இதைப் போன்றதே நடந்தது. 1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கையின் வழியில் 1948இல் தேசிய மருத்துவ சேவை பிறந்தது. அங்கும் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. ஆனால் பிரிட்டனின் மருத்துவ சேவை குடிமக்கள் எல்லோருக்கும் உரியது. இந்தியாவின் ஈ.எஸ்.ஐ. சட்டம் தொடக்கத்தில் மின்விசையோ பிற விசையோ கொண்டு இயங்கி, 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டுமே பொருந்தியது. 1952இல் வந்த வருங்கால வைப்பு நிதிச் சட்டம் தொடக்கத்தில் ஆறு தொழில்களில், 50 பேருக்குக் குறையாத ஆலைகளை மட்டுமே தொட்டது. இந்த வேறுபாடு பின்னர் வடசென்னையைப் பெரிதும் பாதித்தது.

புதிய தொழிற்சாலைகள்

போருக்குப் பின் நாட்டுக்கு உடனடியாகத் தேவைப்பட்டவை இரயில் பெட்டி, சரக்குந்து, மின்சாரம், உரம், எண்ணெய். இவற்றை வெளிநாட்டில் வாங்கிக்கொண்டே இருந்தால் கையிருப்புப் பவுண்டு கரைந்துவிடும். எனவே இங்கேயே செய்வது என்பது 1948, 1956 ஆண்டுகளின் தொழிற்கொள்கைகளிலும், 1951இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டங்களிலும் முதன்மை பெற்றது. துறைமுகம், இரயில் பாதை, கைக்கெட்டும் தொலைவில் வெற்று நிலம், ஆலை வேலை பழகிய மக்கள் என நான்கும் சேர்ந்திருந்ததால் வடசென்னை தொழிலுக்கு ஏற்ற இடமாயிற்று.

பெரம்பூரில் ஒருங்கிணைந்த இரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு திறந்துவைத்தார். சுவிட்சர்லாந்தின் சூரிச் அருகே ஷ்லீரனில் இருந்த நிறுவனம் தொழில்நுட்பம் அளித்தது. மக்கள் ஐ.சி.எஃப். என்று அழைக்கும் இவ்வாலையைச் சுற்றிக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை என ஒரு சிற்றூரே உருவானது. 2018இல் வந்தே பாரத் இரயிலின் முதல் தொடர் இங்கிருந்துதான் வெளிவந்தது.

எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. 1950இல் லேலண்டு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டபின் சரக்குந்துக்கும் பேருந்துக்கும் மாறியது. 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. காருக்குப் பதிலாக லாரி என்ற அந்த மாற்றம் அக்காலத்து நாட்டின் தேவையை நன்கு உணர்த்துகிறது.

திருவொற்றியூரில் 1955இல் என்ஃபீல்டு இந்தியா அமைந்தது. எல்லைக் காவலுக்காக இந்தியப் படை கேட்ட புல்லட் மோட்டார் சைக்கிள்களே அதற்குத் தூண்டுகோல். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் ஆலை நின்றது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது.

அதே திருவொற்றியூரில் சாணைக்கல் முதலியவற்றைச் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் இயங்கியது. அந்நிறுவனம் 1954இல் தொடங்கப்பட்டது. போருக்கு முன்பே வந்துவிட்ட விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் இன்றும் விம்கோ நகர் என வழங்குகிறது. 1960களில் மணலி வளர்ந்தது. 1965இல் பதிவான சென்னை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் அதில் பங்குதாரர். அடுத்து உர ஆலை வந்தது. துறைமுகத்தில் 1964இல் ஜவஹர் கப்பல்துறை திறக்கப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் மின்சாரம் தந்தது.

நிரந்தர வேலையும் குடும்பமும்

1941 கணக்கெடுப்பில் சென்னை நகரின் மக்கள்தொகை சுமார் 7.8 இலட்சம்; 1951இல் சுமார் 14.2 இலட்சம். நகர எல்லை விரிந்தது இதற்கு ஒரு காரணம். வேலை தேடி வந்தவர்கள் மற்றொரு காரணம். செங்கல்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்தும் தெலுங்குப் பகுதிகளிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்தனர். யானைக்கவுனி, சௌகார்பேட்டைப் பகுதிகளில் முன்பே வாழ்ந்த மார்வாடி, குஜராத்தி வணிகர்களின் தொகையும் பெருகியது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்திக் குடும்பங்களும் சென்னைக்கு வந்து கடை வைத்தன.

ஆலையில் நிரந்தர வேலை என்பது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றியது. நாட்கூலிக்குக் கடன் கொடுக்க அடகுக்கடையைத் தவிர எவரும் இல்லை. மாதச் சம்பளக்காரருக்குக் கூட்டுறவுச் சங்கம் கடன் தந்தது. நோய் வந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, மகள் திருமணத்துக்குப் பி.எஃப். முன்பணம், தீபாவளிக்குப் போனஸ். அடுத்த மாதம் சம்பளம் வரும் என்ற உறுதி இருந்ததால்தான் பிள்ளையைப் பத்து வயதில் வேலைக்கு அனுப்பாமல் பத்தாம் வகுப்பு வரை படிக்கவைக்க முடிந்தது.

கல்வியும் அதே காலத்தில் விரிந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் 1920இலேயே மதிய உணவு தரப்பட்டது. 1950களின் நடுவில் காமராசர் ஆட்சியில் அது மாநிலம் தழுவிய திட்டமாயிற்று. ஆலைத் தொழிலாளியின் மகன் ஐ.டி.ஐ. படித்து ஃபிட்டர், டர்னர், வெல்டர் ஆனார். பேரப்பிள்ளை பாலிடெக்னிக்குக்கோ கல்லூரிக்கோ சென்றார். மூன்று தலைமுறையில் நடந்த இந்த ஏற்றத்தை வடசென்னைப் பள்ளிகளில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் பலரும் அறிவர்.

சாதி உறவுகளிலும் அசைவு ஏற்பட்டது. 1947ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டமும், தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவும் சட்ட நிலையை மாற்றின. இரயில்வே போன்ற அரசு நிறுவனங்களில் இடஒதுக்கீடு இருந்தது. தனியார் ஆலைகளில் அது இல்லை. அங்கே உறவினர், தெரிந்தவர் பரிந்துரையே பெரும்பாலும் வழி. ஒரே ஷிப்டில் வேலை செய்து ஒரே கேண்டீனில் உண்டவர்கள், வீடு திரும்பியதும் தத்தம் சாதித் தெருக்களுக்கே சென்றனர். மாற்றம் ஆலைக்குள் விரைவாகவும் தெருவில் மெதுவாகவும் நடந்தது.

பர்மாவிலிருந்து இரண்டாம் வருகை

1942இல் திரும்பியவர்களில் பலர் போர் முடிந்ததும் மீண்டும் பர்மாவுக்குச் சென்றனர். 1962இல் அங்கே நே வின் தலைமையில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்ததை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். பலர் வியாசர்பாடி உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளில் குடியமர்ந்தனர். 1960களின் இறுதியில் கடற்கரை இரயில் நிலையம் அருகே பர்மா பஜார் உருவானது. அங்கே விற்கும் அத்தோவும் மொய்ங்காவும் இன்று வடசென்னை உணவாகவே ஆகிவிட்டன. இவர்களில் பெரும்பாலோருக்கு ஆலை வேலை கிடைக்கவில்லை. சிறு வணிகமும் கைத்தொழிலுமே கைகொடுத்தன.

விடுபட்டவர்கள்

ஆலைச் சங்கு ஊதும்போது உள்ளே போனவர்களைவிட வெளியே நின்றவர்கள் அதிகம். மூட்டை தூக்குவோர், கட்டட வேலை செய்யும் சித்தாள்கள், கூடையில் மீன் விற்கும் பெண்கள், ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலி பெறுவோர் ஆகியோருக்குப் பஞ்சப்படியும் ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. துறைமுகத் தொழிலாளருக்கென 1948இல் தனிச் சட்டம் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இல்தான் வந்தது. உடலுழைப்புத் தொழிலாளருக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1982இல் இயற்றப்பட்டது. விடுதலைக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 35 ஆண்டுகள். ஒரு மனிதரின் உழைக்கும் காலம் முழுவதும் அதில் கழிந்துவிட்டது.

வீட்டுவசதியும் பின்தங்கியது. வேலையைத் திட்டமிட்ட அளவுக்குக் குடியிருப்பை அரசு திட்டமிடவில்லை. கால்வாய் ஓரங்களிலும் இரயில் பாதை ஓரங்களிலும் குடிசைகள் பெருகின. குடிசை மாற்று வாரியம் 1970இல்தான் அமைந்தது.

மீனவரின் இழப்பு வேறு வகையானது. வங்கக் கடலோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் கற்சுவர் அந்த ஓட்டத்தைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வராததால் இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் நிலத்தை அரித்தது; குப்பங்கள் பல அழிந்தன. பின்னர் அனல்மின் சாம்பலும் ஆலைக் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தையும் கொசத்தலையாற்றையும் பாழாக்கின. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் பரவியதில் அங்குள்ள மீனவர் வாழ்வு மீண்டும் முடங்கியது. நாட்டின் வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்களுக்கு அந்த வளர்ச்சியில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை என்பதே இதிலுள்ள அநீதி.

மதிப்பீடு

1990களுக்குப் பின் இக்கட்டமைப்பு தளர்ந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. புதிய கார் ஆலைகள் சென்னையின் தெற்கிலும் மேற்கிலும் எழுந்தன. இயங்கும் ஆலைகளிலும் நிரந்தரப் பணியாளரின் இடத்தை ஒப்பந்தப் பணியாளர் பிடித்துவருகின்றனர். பாட்டனுக்கு இருந்த பி.எஃப். பாதுகாப்பு, அவரைவிட அதிகம் படித்த பேரனுக்கு இல்லாத நிலையைப் பல குடும்பங்களில் காணலாம்.

போருக்குப் பிந்தைய முதல் முப்பது ஆண்டுகளில் வடசென்னை இரு பெரும் மாற்றங்களைக் கண்டது. பொருளை ஏற்றி இறக்கும் ஊர், பொருளைச் செய்யும் ஊராயிற்று. நெருக்கடிக்காலச் சலுகைகள் சட்டப்படியான உரிமைகளாயின. இவை தாமாக நிகழ்ந்தவை அல்ல. சங்கங்களின் போராட்டம், வாக்குரிமை, அரசின் திட்டமிடல் ஆகிய மூன்றும் சேர்ந்து இவற்றை நிகழ்த்தின. உரிமையின் எல்லையை ஆலைச் சுவரோடு நிறுத்திக்கொண்டதே அக்காலத்தின் பெருங்குறை.

இவற்றுள் சுவரைத் தாண்டி எல்லோரையும் அடைந்தது குடும்ப அட்டை ஒன்றே. தமிழ்நாட்டில் இன்றும் அது ஆலைத் தொழிலாளி, மீனவர், சித்தாள் என்ற வேறுபாடின்றி வழங்கப்படுகிறது. மருத்துவக் காப்பும் முதுமைக்கால வருவாயும் அவ்வாறே எல்லோருக்கும் எட்டுமா என்பது, 1940களில் தொடங்கி இன்னும் முழுமையாக விடை காணாத கேள்வி.